பவளக்கல்லும் வெளுத்த வானமும்: ராமநாதபுரக் கரையில் கட்டடங்களைக் கறுப்பு-வெள்ளையில் எடுக்க முழுமையான வழிகாட்டி

தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தைக் கறுப்பு-வெள்ளையில் எடுத்துப் பார்க்கிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே ஏமாற்றம்தான். நேரில் அவ்வளவு எடுப்பாக நின்ற சுவர், படத்தில் வானத்தோடு ஒட்டிக் கிடக்கும். மணலும் சாம்பல், சுவரும் சாம்பல், வானமும் சாம்பல். கேமராவில் கோளாறு எதுவும் இல்லை. பழுப்புச் சுவரையும் நீல வானத்தையும் நம் கண் நிறத்தை வைத்துப் பிரிக்கிறது. வெளிச்சத்தின் அளவு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நிறத்தை உருவிவிட்டால் பிரித்துக் காட்ட ஒன்றும் மிஞ்சாது.

இந்தக் கரையில் இது கொஞ்சம் கூடுதல் சிக்கல். பவளப்பாறைக் கல், சுண்ணாம்புக் காரை, கடல் மணல், ஈரத்தால் வெளுத்த வானம் என்று எல்லாமே வெளிர் நிறம். ஆகவே இங்கே முதல் வேலை, பட்டனை அழுத்துவதற்கு முன்பே "இந்தப் படத்தில் எது கறுப்பாக இருக்கப்போகிறது?" என்று முடிவு செய்வது. நேரம், லென்ஸின் முன் போடும் நிற வடிகட்டி, எக்ஸ்போஷர் (கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தின் அளவு), பிறகு கணினியில் செய்வது என எல்லாம் அந்த ஒரு முடிவைப் பின்தொடர்ந்து வருபவை.

எதைக் கறுப்பாக்குவது

மூன்று வழிகள் உண்டு. ஒன்று, வானத்தை இருட்டாக்கிக் கட்டடத்தை வெளிச்சமாக நிறுத்துவது. இரண்டு, சூரியனைக் கட்டடத்துக்குப் பின்னால் வைத்து, வெளுத்த வானத்தின் முன் கட்டடத்தைக் கறுப்பாக நிறுத்துவது. மூன்று, வானத்தையே சட்டத்திலிருந்து வெட்டிவிட்டு, வாசல், சன்னல், தூண் இடைவெளி ஆகியவற்றின் நிழலைக் கறுப்பாக வைத்துக்கொள்வது.

எல்லோரும் முதலில் ஓடுவது முதல் வழிக்குத்தான். சிவப்பு வடிகட்டி போட்டால் வானம் கறுக்கும் என்று படித்திருப்பார்கள். உண்மைதான், ஆனால் வானத்தில் சிவப்பு வடிகட்டி கறுப்பாக்குவது நீலத்தை மட்டுமே. கடலோர ஈரப்பதத்தில் அடிவானத்தை ஒட்டிய பகுதி நீலமாக இருக்காது, பால் கலந்த வெள்ளையாக இருக்கும். அங்கே எந்த வடிகட்டியும் செல்லாது. உச்சியை நோக்கிப் போகப்போகத்தான் நீலம் அடர்த்தியாகும். எனவே இருண்ட வானம் வேண்டுமென்றால் கேமராவைத் தாழ்வாக வைத்து, கட்டடத்தின் மேல்விளிம்பு உயரத்து வானத்தில் முட்டும்படி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலைக்குக் காத்திருக்க வேண்டும். மழை காற்றைக் கழுவிவிட்டிருக்கும். அன்று மேகமும் தனித்தனிப் பொதியாக நிற்கும்.

வானம் பாலாக இருக்கும் நாளில் வடிகட்டியோடு மல்லுக்கட்டாமல் இரண்டாம், மூன்றாம் வழிக்குப் போய்விடுங்கள். ஆண்டில் பாதி நாள் இங்கே அப்படித்தான்.

உச்சிவெயிலை ஒதுக்காதீர்கள்

காலை, மாலை வெயிலில்தான் எடுக்க வேண்டும், உச்சிவெயிலில் கேமராவை உள்ளே வை என்பது பொதுவான அறிவுரை. முகங்களுக்கு அது சரி. இந்தக் கரையில் சுவர்களுக்கு அது பாதிதான் சரி.

இந்தக் கடற்கரை ஏறத்தாழ 9.3 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை பிறப்பையொட்டியும், ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நண்பகலில் நேர் தலைக்கு மேலே வரும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். ஜூன் 21ஐ ஒட்டி அந்தச் சாய்வு 14 பாகை. அதாவது வடக்குப் பார்த்த சுவரின் மேல் வெயில் 14 பாகையில் உரசிக்கொண்டு கீழிறங்குகிறது. அந்தக் கோணத்தில் சுவரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் துருத்திய கல் நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு நிழல் போடும். காரை பெயர்ந்த பவளக்கல்லின் துளைகள், கல் அடுக்குகளுக்கு நடுவே அரித்துப்போன சாந்து, ஆணி அடித்த தடம் எல்லாம் எழுந்து வரும் நேரம் அதுதான்.

மார்கழியில் கதை மாறும். நண்பகல் சூரியன் தெற்கே, அடிவானத்திலிருந்து 57 பாகை உயரத்தில் நிற்கும். தெற்குச் சுவரில் அதே ஒரு சென்டிமீட்டர் கல்லின் நிழல் ஒன்றரை சென்டிமீட்டர்தான். பரப்பு கொஞ்சம் மொழுமொழுவென்று தெரியும். வடக்குச் சுவர் நாள் முழுவதும் நிழலில் கிடக்கும்.

கிழக்கு, மேற்குச் சுவர்களுக்கு உரசும் வெயில் ஆண்டு முழுவதும் கிடைக்கும். நண்பகலுக்கு முன்னும் பின்னும் முக்கால் மணி நேரம் அதற்கு நல்ல நேரம். இங்கே நண்பகல் கடிகாரத்தில் சரியாக 12 மணிக்கு வராது என்பதை மறக்காதீர்கள். மாசியில் 12.25ஐத் தாண்டும். ஐப்பசியில் 12 மணிக்கு முன்பே வந்துவிடும்.

ராமேசுவரம் கிழக்குக் கோபுரம் இதற்கு நல்ல பாடம். கடலைப் பார்த்து நிற்பதால் சூரியன் உதித்ததும் வெளிச்சம் நேராக முகத்தில் அடிக்கும். பார்க்க அழகு, படத்தில் தட்டை. வெளிர் நிறக் கோபுரம் என்பதால் பதுமைகளைப் பிரித்துக் காட்ட நிழலைத் தவிர வேறு துணை கிடையாது. பத்தரை மணிக்கு மேல் வெயில் மேலிருந்து இறங்கும்போது ஒவ்வொரு நிலையின் விளிம்பும் கீழ்நிலையின் மேல் ஒரு கறுப்புக் கோடு போடும். கோபுரம் மேலே போகப்போக உள்வாங்கியிருப்பதால் நண்பகலுக்குப் பிறகும் சற்று நேரம் இந்த வெளிச்சம் தங்கும். பலவண்ணக் கோபுரங்களில் சுதை வண்ணங்களே சாம்பலின் படிகளாக மாறிக் குழப்பும். இங்கே அந்தத் தொல்லை இல்லை.

என்ன எடுத்துப் போவது

கேமரா எதுவானாலும், பதிந்ததை அப்படியே சுருக்காமல் வைக்கும் 'ரா' கோப்பில் எடுக்க முடிய வேண்டும். கைப்பேசியானால் புரோ பகுதிக்குப் போய் ரா சேமிப்பைத் திறந்து வையுங்கள். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். மேகமற்ற வானத்தை இருட்டாக்கும்போது அது பட்டை பட்டையாக உடைந்துவிடும். கேமராத் திரையை மட்டும் ஒற்றை நிறத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படம் கறுப்பு-வெள்ளையாகத் தெரியும், கோப்பில் நிறம் பத்திரமாக இருக்கும். அதே அமைப்பில் கான்ட்ராஸ்டைக் குறைத்து வையுங்கள். வெளிச்சம் மிஞ்சியதற்கான எச்சரிக்கை ஜேபெக் முன்னோட்டத்தை வைத்துத்தான் மின்னுகிறது. கான்ட்ராஸ்ட் கூடுதலாக இருந்தால் அது பொய்யாகப் பயமுறுத்தும்.

முழுச்சட்ட (ஃபுல் ஃப்ரேம்) கேமராவில் 24 முதல் 35 மி.மீ. வரை ஒரு லென்ஸ், 70க்கு மேல் ஒன்று போதும். 16 மி.மீ. அகல லென்ஸில் சிறு சுவரும் மாளிகையாகத் தெரியும். தனுஷ்கோடியில் அப்படி ஊதிக் காட்டுவது அந்த இடத்துக்குப் பொருந்தாது என்பது எங்கள் எண்ணம். முக்காலி, ரிமோட், ஊதுகுழல், இரண்டு மைக்ரோஃபைபர் துணி, சிறு புட்டியில் டிஸ்டில்டு வாட்டர், இரண்டு கொட்டாங்குச்சி அல்ல, மூன்று. எதற்கென்று பின்னால் வருகிறது.

லென்ஸின் முன் ஒரு யூவி வடிகட்டி எப்போதும் இருக்கட்டும். வெளிச்சத்துக்காக இல்லை, உப்புக்காக. ஆண்கடல் என்று இங்கே சொல்லும் மன்னார் வளைகுடாப் பக்கம் ஆனி, ஆடியில் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும்போது அரை மணி நேரத்தில் கண்ணாடியில் உப்புப் படலம் கட்டிவிடும். அதைத் துணியால் நேராகத் துடைத்தால் உப்புப் பரலும் மணலும் சேர்ந்து கீறும். முதலில் ஊதுங்கள். பிறகு டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த துணியால் உப்பைக் கரைத்தெடுங்கள். பிறகு உலர்ந்த துணி. இந்த வரிசை மாறக் கூடாது. வாயால் ஊதி ஈரமாக்கித் துடைக்கும் பழக்கம் இங்கே வேண்டாம்.

ஏசி அறையிலிருந்து நேராக வெளியே வந்தால் லென்ஸுக்குள் பனி கோத்துக்கொள்ளும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வராந்தாவில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். மணலில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் வண்டிக்குள், கண்ணாடியை ஏற்றிவிட்டு.

எக்ஸ்போஷர்: வெள்ளையைக் காப்பாற்றுவது

கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பலாக்கவே கணக்குப் போடும். சுண்ணாம்படித்த மினாரைப் பார்த்தால் அதையும் சாம்பலாக்கும். எனவே ஒரு சிறு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரில், வெயில் படும் வெள்ளைச் சுவரின் பிரகாசமான இடத்தை, அதாவது இன்னமும் காரையின் சொரசொரப்பு தெரிய வேண்டிய இடத்தை அளந்து, அதிலிருந்து இரண்டு ஸ்டாப் கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரட்டிக்கும்). மீட்டர் 1/500 என்றால் 1/125. அந்தச் சுவர் வெள்ளையாகவும் இருக்கும், சொரசொரப்பும் நிற்கும். பெயர்ந்த பவளக்கல் சுவருக்கு ஒரு ஸ்டாப் போதும். அது கண்ணுக்குத் தோன்றுவதைவிட இருட்டு.

பிறகு இருட்டு இடமும் வெளிச்சம் வலமுமாகப் பரவியதைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், ஒற்றைக் கோட்டை அல்ல, மூன்று நிறமும் தனித்தனியாகக் காட்டுவதை. மாலை வெயிலில் காவிப் பழுப்புச் சுவர்களில் சிவப்பு முதலில் முட்டிப்போகும். மொத்த ஹிஸ்டோகிராம் நல்ல பிள்ளையாக நிற்கும். வீட்டுக்கு வந்து சிவப்பை ஏற்றிச் சுவரை வெளுக்கப் பார்த்தால் அங்கே காகிதம்போல வெறுமையாக இருக்கும். சிவப்பு வரைபடத்தின் வலப்பக்க விளிம்பைத் தொட்டால் மூன்றில் ஒரு பங்கு ஸ்டாப் குறையுங்கள், இன்னும் தொட்டால் இன்னொரு பங்கு.

அமைப்புகள்: ஐஎஸ்ஓ 100, எஃப் 8. 24 மி.மீ. லென்ஸை எஃப் 8இல் இரண்டரை மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டரிலிருந்து அடிவானம் வரை துல்லியம் கிடைக்கும். முன்னால் கிடக்கும் இடிபாட்டுக் கல்லும் பின்னால் கடலும் சேர்ந்து வேண்டுமென்றால் இதுதான் வழி. எஃப் 16, 22 என்று அடைத்துக்கொண்டே போனால் கல்லின் நுண்மை மழுங்கும்.

இடிந்த வாசல் வழியாகக் கடலைப் பார்க்கும் காட்சியில் உள்ளுக்கும் வெளிக்கும் ஐந்தாறு ஸ்டாப் வித்தியாசம் வரும். முக்காலியில் வைத்து, இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படம் எடுத்து வையுங்கள். ஆனால் சேர்க்கும்போது உள்ளே இருக்கும் எல்லா நிழலையும் தூக்கிவிடாதீர்கள். வாசலின் உட்புறம் இருட்டாக இருப்பதால்தான் அது வாசல்.

நிமிர்ந்த கோடுகள், சாய்ந்த சுவர்கள்

கேமராவை அண்ணாந்து பிடித்தால் கட்டடம் பின்னால் சரியும். கறுப்பு-வெள்ளையில் நிறம் கவனத்தைத் திருப்பாது என்பதால் இந்தச் சரிவு கண்ணை உறுத்தும். சாதாரண மருந்து: கேமராவை மட்டமாக வைத்து, மேலே தேவையான இடம் கிடைக்கும்வரை பின்னால் போய், கீழே வரும் வெறும் தரையை வெட்டிவிடுவது. மென்பொருளில் நிமிர்த்தப்போகிறீர்கள் என்றால் நான்கு பக்கமும் ஐந்தில் ஒரு பங்கு இடம் விட்டு எடுங்கள். நிமிர்த்தும்போது மூலைகள் பறிபோகும்.

இடிபாடுகளில் இந்த மருந்து எதிர்வினை செய்யும். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலும் அதற்குப் பிந்தைய உப்பும் தின்ற சுவர்கள் அவை. உண்மையிலேயே சாய்ந்திருப்பவை. மென்பொருளின் தானியங்கி நிமிர்த்தல் ஒரு சாய்ந்த சுவரைப் பிடித்துக்கொண்டு அதைச் செங்குத்தாக்கும். விளைவாகக் கடல் ஒரு பக்கம் வழியும். இங்கே சுவரை நம்பாதீர்கள், அடிவானத்தை நம்புங்கள். கடல் தெரியும்படி ஒரு கீற்றாவது சட்டத்தில் விட்டு, அதை மட்டமாக்கிவிட்டு, சுவர் எப்படிச் சாய்கிறதோ அப்படியே விடுங்கள்.

வடிகட்டியும் நிறக் கலவையும்

டிஜிட்டலில் கண்ணாடி வடிகட்டி தேவையில்லை. பிறகு லைட்ரூம் போன்ற மென்பொருளில் நிறம் நிறமாக ஏற்றி இறக்கலாம். ஆனால் எந்த நிறம் என்னவாகும் என்பது களத்திலேயே தலையில் இருக்க வேண்டும்.

ஓரியூரில் அருளானந்தர் ஆலயத்தருகே இருக்கும் செம்மணலை நினைத்துக்கொள்ளுங்கள். சிவப்பை ஏற்றினால் அந்த மணல் வெள்ளை மணல் ஆகிவிடும். நீலத்தின் வழியே பார்த்தால் கரியாகும். அருளானந்தரின் குருதியால்தான் மணல் சிவந்தது என்ற நம்பிக்கை இருக்கும் ஊரில் அதை வெளுத்துக் காட்டுவது சரியா என்பது எடுக்கிறவர் யோசிக்க வேண்டியது. நாங்கள் அதை நடுச்சாம்பலுக்குச் சற்றுக் கீழே வைப்போம். நாட்டு ஓட்டுக்கும் செங்கல்லுக்கும் இதே கணக்குதான். வேலிக்கருவை இலை சிவப்பு வடிகட்டியில் கறுத்துக் கட்டியாகும். பச்சையை ஏற்றினால் பிரிந்து தெரியும்.

தனுஷ்கோடிச் சுவருக்கு ஒரு தொடக்கக் கலவை: நீலம் மைனஸ் 40, வெளிர்நீலம் மைனஸ் 20, ஆரஞ்சு பிளஸ் 20, மஞ்சள் பிளஸ் 10. இதிலேயே சுவர் வானத்திலிருந்து எழுந்து நிற்கும். நீலத்தை மைனஸ் 60க்குக் கீழே இழுத்தால் இரண்டு தொல்லை வரும். வானத்தில் அழுக்குத் திட்டுகள்போலப் புள்ளி கிளம்பும். சுவரின் விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு ஒன்று ஓடும், யாரோ கத்தரித்து ஒட்டியதுபோல. லென்ஸின் நிறப்பிசிறைத் திருத்தும் கட்டத்தை முதலிலேயே தட்டிவிட்டால் கோடு பெரும்பாலும் மறையும். இன்னும் இருட்டு வேண்டுமென்றால் வானத்தைத் தனியாகத் தேர்ந்து எக்ஸ்போஷரைக் குறையுங்கள். கலவையை மேலும் முறுக்காதீர்கள்.

வானத்தின் ஒளியையும் பிரதிபலிப்பையும் குறைக்கும் போலரைசர் வடிகட்டி ஒன்றுதான் கணினியில் செய்ய முடியாதது. சூரியனுக்கு 90 பாகை பக்கவாட்டு வானத்தில் அதன் வேலை அதிகம். 24 மி.மீ.க்குக் கீழான அகல லென்ஸில் போட்டால் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கறுத்துத் திட்டாக நிற்கும்.

ஃபிலிமில் எடுக்கிறவர்களுக்கு: மஞ்சள் வடிகட்டிக்கு ஒரு ஸ்டாப், ஆரஞ்சுக்கு இரண்டு, சிவப்புக்கு மூன்று கூட்ட வேண்டும். இந்தக் கரையின் பால் வானத்துக்கு ஆரஞ்சே போதும். இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் 400 ஃபிலிமை ஐடி-11 டெவலப்பரில் தண்ணீரை ஒன்றுக்கு ஒன்று கலந்து 20 டிகிரியில் 13 நிமிடம் கழுவுவது வழக்கம். சித்திரையில் குழாய்த் தண்ணீரே 30 டிகிரி இருக்கும். ஐஸ் தட்டில் புட்டிகளை நிறுத்தி 24க்கு இறக்கினால் ஏறத்தாழ 9 நிமிடம். எல்லாத் திரவமும், கழுவும் தண்ணீர் உட்பட, ஒன்றுக்கொன்று இரண்டு டிகிரிக்குள் இருக்கட்டும். கடைசி அலசலுக்கு டிஸ்டில்டு வாட்டர்தான். இங்கத்திய தண்ணீரில் அலசி உலர்த்தினால் ஃபிலிமில் உப்புப் பொட்டு விழும்.

கடலை மழுங்க வைப்பது: நீண்ட எக்ஸ்போஷர்

தேவிபட்டினத்தில் நவபாஷாணக் கற்கள் கடலுக்குள் நிற்கின்றன. சின்ன அலைகளின் பளபளப்பு கற்களின் விளிம்பைத் தின்றுவிடும். கடலை மழுங்கவைத்தால் கற்கள் கறுப்பாகத் தனித்து நிற்கும். பெண்கடல் எனப்படும் பாக் நீரிணைப் பக்கம் என்பதால் அலை குறைவு, எட்டுப் பத்து வினாடியே போதும். அதற்கு, நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் 10 ஸ்டாப் என்டி வடிகட்டி வேண்டும். செய்யும் வரிசை:

1. முக்காலியைக் கரையில் நிறுத்துங்கள். நடைமேடை வழிபட வருகிறவர்களுக்கானது. அங்கே கால் விரித்தால் வழி மறிக்கும், நடக்கிறவர்களின் அதிர்வும் படத்தில் ஏறும்.
2. ஈரமணலில் முக்காலி மெல்லப் புதையும். ஒவ்வொரு காலையும் மல்லாந்த கொட்டாங்குச்சிக்குள் இறக்கி, முழு எடையோடு அழுத்துங்கள். அதற்குத்தான் மூன்று.
3. வடிகட்டி இல்லாமல் சட்டம் அமைத்து, ஃபோகஸ் பிடித்து, ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றுங்கள். வடிகட்டி போட்ட பிறகு கேமராவுக்குக் கண் தெரியாது.
4. வடிகட்டி இல்லாமல் அளந்த நேரத்தை ஆயிரத்தால் பெருக்குங்கள். 1/125 என்றால் 8 வினாடி, 1/60 என்றால் 16, 1/30 என்றால் 33.
5. முக்காலியில் வைக்கும்போது லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணையுங்கள். டிஎஸ்எல்ஆரில் கண்வைக்கும் துளையை மூடுங்கள், அதன் வழியே வெளிச்சம் கசிந்து படத்தில் வெளிறிய பட்டை விழும்.
6. ரிமோட் அல்லது இரண்டு வினாடி டைமர்.

காற்றடிக்கும் நாளில் முக்காலியின் நடுவில் பையைத் தொங்கவிடச் சொல்வார்கள். பை காற்றில் ஆடினால் முக்காலியையும் ஆட்டும். பை தரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும் அளவுக்குக் கயிற்றை நீட்டுங்கள். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள்.

பாம்பன்

1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. அதன் பக்கத்திலேயே, நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழும் புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. படமெடுக்கிறவர்கள் பெரும்பாலும் நிற்பது 1988இல் திறந்த சாலைப் பாலத்தின் மேல். அங்கே ஒரு பொறி உண்டு: பேருந்தும் லாரியும் போகும்போது பாலம் அதிரும். முக்காலி வைத்து நான்கு வினாடி எடுத்தால் இரட்டைக் கோடுதான் கிடைக்கும். மேலிருந்து எடுப்பதானால் கையில் பிடித்து 1/500க்குக் குறையாமல். நீண்ட எக்ஸ்போஷர் வேண்டுமென்றால் கீழே கரைக்கு இறங்கிவிடுங்கள்.

பாலம் மேற்கே மண்டபத்திலிருந்து கிழக்கே பாம்பனுக்கு ஓடுவதால், காலையில் மண்டபம் பக்கம் நின்றால் சூரியன் எதிரே. தண்ணீர் வெள்ளியாக, தூண்கள் வரிசையாகக் கறுப்பாக வரும். மேலே சொன்ன இரண்டாம் வழிக்கு இதைவிட நல்ல இடம் இந்தக் கரையில் இல்லை. 100 மி.மீ.க்கு மேல் போனால் தூண்கள் நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். தண்டவாளத்தில் ஏறுவதும் ட்ரோன் பறக்கவிடுவதும் வேண்டாம். உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருக்கிறது, ட்ரோன் விஷயத்தில் சும்மா விடமாட்டார்கள்.

உள்ளே போகும் முன்

ராமநாதசுவாமி கோயிலுக்குள் கேமராவும் கைப்பேசியும் கூடாது. மூன்றாம் பிரகாரத் தூண் வரிசை எவ்வளவு ஆசை காட்டினாலும் அது கண்ணுக்கு மட்டும்தான். தூண் வரிசை எடுக்க வேண்டுமானால் வேறு இடங்கள் உண்டு. வள்ளல் சீதக்காதியோடு சேர்த்துச் சொல்லப்படும் கீழக்கரை ஜும்ஆ பள்ளி கருங்கல் தூண்களோடு, கோயில் மண்டபத்தின் கட்டுமான மொழியிலேயே எழுந்தது. பள்ளி நிர்வாகத்தாரிடம் முன்கூட்டியே கேளுங்கள், தொழுகை நேரங்களைத் தவிருங்கள், வெள்ளிக்கிழமையை முழுதாக விட்டுவிடுங்கள். "பாய், ஒரு பத்து நிமிசம் தூண் மட்டும் எடுத்துக்கிறோம், ஆளு வராம பார்த்துக்கிறோம்" என்று என்ன எடுக்கப்போகிறோம் என்பதைச் சொல்லிக் கேட்டால் பேச்சு சுலபமாகும்.

கருங்கல் தூண் வெள்ளைச் சுவருக்கு நேர்மாறு. மீட்டர் அதை வெளுத்துக் காட்டும், ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும். திறந்த பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம் தூணின் ஒரு முகத்தில் மட்டும் படும்படி, வெளிச்சத்துக்குக் குறுக்காக நில்லுங்கள். வரிசையின் நேர் நடுவில் நின்று எடுக்கும் படத்தை எல்லோரும் எடுப்பார்கள். ஓரடி விலகி நின்றால் ஒரு பக்கத் தூண்கள் நெருங்கி, மறுபக்கம் இடைவெளி திறக்கும். முக்காலி கூடாதென்றால் ஐஎஸ்ஓ 1600, எஃப் 5.6, தூணில் தோளைச் சாய்த்துக்கொண்டு 1/30. ஐஎஸ்ஓ ஏற்றுவதால் படத்தில் கிளம்பும் புள்ளி, கறுப்பு-வெள்ளையில் ஃபிலிம் மணிபோல அடங்கிவிடும்.

ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அனுமதி பெற்று மண்டபத்தையும் தூண்களையும் எடுங்கள். சுவரோவியங்களைக் கறுப்பு-வெள்ளையில் எடுப்பது அவற்றை வரைந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

தனுஷ்கோடிக்கு விடிந்ததும் போய்விடுங்கள். சங்கு, பாசிக் கடைகள் விரியும் முன் ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிது. இருட்டுவதற்குள் அங்கிருந்து அனுப்பிவிடுவார்கள், எனவே நட்சத்திரத் திட்டம் போடாதீர்கள். சுவர்மேல் ஏறாதீர்கள். சாந்து உதிர்ந்துபோன பவளக்கல் ஒரு காலடியில் கழன்று வரும்.

கணினியில், பிறகு காகிதத்தில்

வரிசை முக்கியம்: லென்ஸ் திருத்தம், அடிவானம், மொத்த எக்ஸ்போஷர், நிறக் கலவை, அதற்குப் பிறகே இடம் இடமாக வெளுப்பதும் கறுப்பதும். மென்பொருள் தூரிகையின் பாய்ச்சலை (ஃப்ளோ) 10 சதவீதத்தில் வைத்து, ஒரே இடத்தில் பலமுறை ஓட்டுங்கள். ஏற்கெனவே வெயில் படும் கல் முனைகளை மட்டும் சற்று வெளுத்து, ஏற்கெனவே நிழலாக இருக்கும் இடுக்குகளை மட்டும் சற்றுக் கறுத்தால் சுவர் திரண்டு நிற்கும். வெளிச்சம் வராத பக்கத்தில் வெளிச்சம் வரைந்தால், ஏன் என்று தெரியாவிட்டாலும் பார்க்கிறவர் கண் நம்பாது. விளிம்புகளைத் தெளிவாக்கும் கிளாரிட்டியைப் படம் முழுவதற்கும் 20க்கு மேல் ஏற்றினால் வானத்தில் அழுக்கு ஏறும். சுவருக்கு மட்டும் ஏற்றுங்கள்.

அச்சுக்குப் போகும்முன் திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். முழு வெளிச்சத்தில் பார்த்துத் திருத்திய படம் காகிதத்தில் இருட்டடித்துத்தான் வரும். ஆறங்குல அகலத்தில் ஒரு சோதனைத் துண்டு எடுத்து, சன்னலோரப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சுண்ணாம்புச் சுவர் காகிதத்தின் வெள்ளையோடு கலந்து ஓரம் தெரியாமல் போனால், அந்த இடத்தை மூன்று நான்கு சதவீதம் சாம்பலாக இறக்குங்கள். பவளக்கல்லுக்கு மேட் காகிதம் நன்றாகப் பொருந்தும். பாலத்தின் இரும்புக்கு மட்டும் பளபளப்புக் காகிதம். பிரிக்காத காகிதக் கட்டைக் கடலோர வீட்டில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள். ஈரம் குடித்த காகிதத்தில் மை பரவி, கறுப்பு சாம்பலாக இறங்கும். லென்ஸும் அதே டப்பாவில் இருக்கட்டும், பூஞ்சை பிடிக்காது. முக்காலியின் கால்களை முழுக்க நீட்டி அன்று இரவே நல்ல தண்ணீரில் கழுவி, மறை கழற்றி உலர்த்துங்கள். விட்டால் அடுத்த முறை திறக்காது.